நூற்று முப்பதுக்கு எண்பது

செவ்வாய்க்கிழமை சர்க்கரை, பிரசர் பார்க்கிற நாள்.
உசிலம்பட்டி முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்
வண்டி நிறுத்தும் தகரக் கூரைக்குக் கீழே
தங்கள் நோட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு
டீக்கடை பெஞ்சில் போய்
டீ குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.
நோட்டுகள் வரிசையில் நிற்கும்.

மாசியில் கருவியின் ரப்பர் பை கிழிந்தது.
எழுதிக் கேட்டோம்.
வரும் என்றார்கள்.
மருந்து கொடுக்கும் சேவுகன்
பஞ்சர் கடையில் ஒட்டிக்கொண்டு வந்தார்,
ஒரு வாரம் காற்று நின்றது.

பங்குனியில் ஒரு நாள் எழுபத்திரண்டு பேர்.
கட்டத்தைக் காலியாக விட்டால்
கம்ப்யூட்டர் அடுத்த ஆளுக்குப் போகாது.
முதல் ஆளுக்கு எழுதியபோது கை கொஞ்சம் தயங்கியது.
130/80.
பத்தாவது ஆளுக்குத் தயங்கவில்லை.
சிலருக்கு 128, சிலருக்கு 134.
பொய்யிலும் ஒரு கைப்பழக்கம் வந்துவிடுகிறது.

ஒச்சப்பனுக்கு மட்டும் எப்போதும் அதே 130.
ஏனென்று தெரியவில்லை. பிடித்த மனிதர் என்பதாலோ என்னவோ.
மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்,
விரலில் வார்னிஷ் வாசனை.
"எவ்வளவு தாயி?"
"நல்லாருக்குண்ணே."
சித்திரையில், தலை கிறுகிறுங்குது என்றார்.
வெயில் என்றேன்.

வைகாசிக் கூட்டத்தில்
எங்கள் நிலையத்துக்குக் கை தட்டினார்கள்.
பிரசர் கட்டுக்குள் உள்ளோர் எண்பத்தொரு சதவீதம்.
ஒரு பேனா கொடுத்தார்கள்.
அது இன்னும் எழுதுகிறது.

ஆனிக் கடைசியில் பட்டறையிலேயே சாய்ந்துவிட்டார்.
மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இருநூற்றுப் பத்து என்றார்களாம்.
விருமாயி மஞ்சப்பையிலிருந்து நோட்டை எடுத்து
பயிற்சி டாக்டரிடம் சண்டைக்கு நின்றிருக்கிறார்:
"ஒங்க மிசினுதான்யா கோளாறு.
எங்க நர்சம்மா எழுதுனதப் பாரு."

அந்தப் பையன் பார்த்திருப்பான்.
நான்கு வரி,
ஒரே எண், ஒரே சாய்வு.

புரட்டாசியில் புதுக் கருவி வந்தது.
ஐப்பசியில் அவர் வந்தார்.
வலது கை மடியில் கிடந்தது,
யாரோ பத்திரமாக வைத்திருக்கச் சொன்ன பொருள் மாதிரி.
இடது கையை நீட்டினார்.
இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன்.
"நூத்தி அறுபத்தாறு இருக்குண்ணே."
"ஒங்கிட்ட மட்டுந்தான் தாயி நல்லா இருந்துச்சு,
இப்ப நீயும்..."

பின்னால் ஐம்பது நோட்டு காத்திருந்தது.
"அண்ணே, அந்த நாலு மாசம் நான் பாக்கவே இல்ல.
ரப்பர் கிழிஞ்சு போச்சு."

விருமாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் ரொம்ப நேரம் கழித்து,
நாக்கு பாதி ஒத்துழைக்க,
"ரப்பர்தான?
பட்டறைக்குக் குடுத்து விட்டிருந்தா
நானே மாத்தித் தந்திருப்பேனே" என்றார்.

இந்த மாதம் நாற்பத்தாறு சதவீதம்.
ஏன் சரிந்தது என்று கேட்டிருக்கிறார்கள்.
காரணம் எழுதச் சின்னதாக ஒரு கட்டம்.
பார்த்தோம்,
என்று எழுதி அனுப்பினேன்.