தொட்டுக்க

மோல்மேனில் மதியச் சாப்பாடு என்றால்
நடுவில் ஒரு ஙாப்பிக் கிண்ணம்,
சுற்றிலும் ஒரு தோட்டம்:
வல்லாரை, சிறகவரை, பிஞ்சு வெள்ளரி,
அவித்த வெண்டை, மாங்கொழுந்து.
அலுவலக மேசையில் ஆறு கைகள்.
ஆறாவது என்னுடையது.
இலையோடு கிண்ணம்வரை போகும்,
விளிம்பில் நின்று யோசிக்கும்,
வெறும் இலையோடு திரும்பும்.

போன வருஷம் ஒரே ஒரு தொடல்.
சோறு முடியுமுன்
கழுத்தில் செம்மண் ஏறிவிட்டது,
காதுக்குள் யாரோ தகரம் தட்டினார்கள்.
டாக்டர் சோ மியிண்ட் பேனாவை மூடித் திறந்து சொன்னார்:
மீன்மேல் உனக்குக் கோபமில்லை அம்மா,
மீன் காத்திருந்த நாள்கள்மேல்தான்.
ஹிஸ்டமின்.
காத்திருக்கக் காத்திருக்க வளரும்.

எந்த ஊரில் வந்து மாட்டினேன் பாருங்கள்.
கரண்ட் வந்தால் நாலு மணி நேரம்,
வராத நாள் கணக்கில் இல்லை.
இருட்டில் ஃபிரிட்ஜ் சொட்டும் சத்தம்
மற்றவர்களுக்கு ஈரம்,
எனக்குக் கடிகாரம்.
நேற்றைய மீன்குழம்பு ஆகாது.
ஊறிய தேயிலை ஆகாது.
தக்காளியும் கத்தரியும் என்ன பாவம் செய்தன,
தெரியாது, பட்டியலில் இருக்கின்றன.
அண்ணன் போனில்
பழைய வீட்டை விற்றுவிடலாமா என்று இழுத்தபோது
சட்டென்று சரி என்றேன்.
அவனுக்கே ஆச்சரியம்.

இன்று மி குன் சான்
கீழே டீக்கடை அடுப்பில் நின்றிருக்கிறாள்.
சுரைக்காய் வேகவைத்து, அவர்கள் உரலிலேயே மசித்து,
தேங்காய்ப்பால், உப்பு, ஒரு பிடி மல்லித்தழை.
"எலுமிச்சை போடல.
பொறந்து இருபது நிமிஷம்தான் ஆகுது, தொடு."

சப்பென்றிருந்தது.
பல் முளைக்காத பிள்ளைக்கு ஊட்டுகிற சப்பு.
சிறகவரையை முக்கினேன்,
கடித்தேன், திரும்ப முக்கினேன்,
ஒரு வருஷத்து வெறும் இலைகளுக்கும் சேர்த்து
முக்கினேன்.

அப்போதுதான் கோ தெய்ன் லின்
பேச்சு சுவாரசியத்தில்
ஙாப்பி சொட்டும் வல்லாரையை
என் கிண்ணத்தில் விட்டான்.

வெள்ளையில் ஒரு கறுப்புத் துளி.
மேசை மூச்சுவிடவில்லை.
மி குன் சான் அவன் புறங்கையில் ஒன்று வைத்தாள்.

துளி அந்தக் கரையில்,
மெல்லப் பரவிக்கொண்டு.
நான் கிண்ணத்தைத் திருப்பி
இந்தக் கரையில் அவசரமாகத் தின்றேன்,
இடது கையால்
கழுத்தைத் தடவிப் பார்த்தபடி.
இன்னும் இல்லை.
இன்னும் இல்லை.
அந்த வெண்டைக்காயை இப்படித் தள்ளுங்கள்.