சப்

பாரோவில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிறார்கள்.
முழுப்பெயர் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமையில்லை.
சப், அவ்வளவுதான்.

வெல்டர் டெரெக் போஸ்ல்த்வெய்ட்
வியாழக்கிழமை ஃபோர்மேன் முன்னால் நின்று
சப் வேண்டும் என்றான்.
"பெயின்ட் இன்னும் காயலையே" என்று சிரித்தார் ஃபோர்மேன்.
கேட்டது நாற்பது பவுண்டு,
அடுத்த வாரச் சம்பளத்திலிருந்து.

ஞாயிறு மழையில் மகள் பிரையனி சப்.
பெஞ்சில் நனைந்தவளை
எண்பத்தெட்டாம் நிமிடத்தில் இறக்கினார்கள்.
பந்து அவள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
சப்பென்று முடிந்தது ஆட்டம்.

வழியில் வாங்கித்தந்த
முழ நீள ரொட்டிக்கும் அதே பெயர்.
வெங்காயம் வேண்டாமென்று
இரண்டு முறை சொல்லியும்
வெங்காயம்.

மைத்துனன் லெய்டன்
எழுபத்தொரு நாளாக எந்தக் கடலுக்கடியில்?
அதை மட்டும் அந்த வீட்டில் கேட்கக்கூடாது.

திங்கள் இரவு ஷிஃப்டில்
ஷீனாவின் குறுஞ்செய்தி:
சப் வந்தாச்சு.

பணமா, பள்ளிக்கு மாற்று டீச்சரா,
இந்நேரத்தில் ரொட்டியா?
முகமூடியைக் கழற்றாமலே
மூன்று முறை படித்தான்.

விடியலில் வீடு திரும்பினால்
சமையலறை விளக்கு எரிகிறது.
தாடியோடு லெய்டன்,
தட்டோரம் பிரையனி ஒதுக்கிவைத்திருந்த
வெங்காயத்தை
ஒவ்வொரு வளையமாகத்
தின்றுகொண்டிருக்கிறான்.