இரவுப் பணியாணை

ஊசி போட்ட பிறகு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றேன்.
ஸ்கைட்ரீட்டே ஓசோலா, வயது அறுபத்தொன்று,
ரீகா நகர டிராம் பாதைப் பிரிவில்
இருபத்திரண்டு வருடம் இரவு மேற்பார்வை.
எட்டு வருடத்துக்கு முன் இடது மார்பு.
போன மாதம் உருளைக்கிழங்குக் கூடையைத் தூக்கியபோது
முதுகில் சடக்கென்றதாம்.

வெளியே பனி.
தெருமுனையில் ஒரு டிராம் கிறீச்சிட்டுத் திரும்பியது.
"அந்த வளைவு தேய்ந்துவிட்டது," என்றார்
ஜன்னலைப் பார்க்காமலே.

கடைசி வண்டி போனதும் உடைப்பவர்கள் இறங்குவார்களாம்.
அவர்கள் முதுகைப் பார்த்தபடி பதிப்பவர்கள்.
நாலரைக்கு முதல் வண்டி. ஊருக்குத் தெரியவே தெரியாது.

எலும்பும் அப்படித்தான், என்றேன்.
அரிக்கிற செல், பின்னாலேயே அடைக்கிற செல்.
பத்து வருடத்தில் எலும்புக்கூடே ஏறக்குறைய வேறு.

"அப்படியானால் இது
அப்போது என்னிடம் இருந்த முதுகு இல்லை."
நான் கோப்பையை நிரப்பினேன்.

மார்பை விட்டு எப்போதோ கிளம்பி
மஜ்ஜையில் வந்து
வருடக்கணக்கில் படுத்துக் கிடந்திருக்கிறது.
எழுந்ததும் எலும்பைக் கடிப்பதில்லை. அதற்குப் பல் கிடையாது.
கட்டுகிறவனிடம் போய்
ஒரு கள்ளக் கையெழுத்தை நீட்டுகிறது:
உடைப்பவர்களை இன்னும் அனுப்பு.
அவன் அனுப்புகிறான்.
உடைந்த எலும்பிலிருந்து
அது சேர்த்துவைத்த ஊட்டம் கசிகிறது,
குடித்து வளர்கிறது,
வளர்ந்து
மறுபடி நீட்டுகிறது.

இதை எவ்வளவு சொன்னேன், எவ்வளவு விழுங்கினேன், நினைவில்லை.
அவர்தான் சொன்னார்:
"ஒருமுறை இல்லாத ஆணைக்கு ஒரு தெருவையே தோண்டிவிட்டோம்.
இரண்டு ராத்திரி.
தாளில் முத்திரை இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?"

பிறகு படுக்கை, மெல்ல நகரும் கருவி,
திரையில் புள்ளி புள்ளியாக அவர்.
மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பில் கருப்பு.
விலாவில் இரண்டு. இடது தொடையின் தலையில் ஒன்று.
படத்தைக் காட்டக் கூடாது என்பது விதி.
அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"கருப்பெல்லாம் உடைப்பவர்கள் வேலையா?"

இல்லை. இந்த மருந்து அவர்களிடம் ஒட்டாது.
புதிதாகச் சுண்ணாம்பு இறங்கும் இடத்தில்தான் ஒட்டும்.
கருப்பாகத் தெரிவது
அடைக்க ஓடி வந்தவர்கள்.

மேலங்கியின் பொத்தான்களைத் தப்பாகப் போட்டு,
அவிழ்த்து,
திரும்பப் போட்டார்.

"நாலு இடம்," என்றார். "இந்தக் குளிரில்.
என் ஆட்களாக இருந்தால்
இந்நேரம் தேநீர் அனுப்பியிருப்பேன்."