இருபத்தைந்து சதுர மீட்டர்

எனக்குக் கொடுத்தது ஒரு நாடா,
நாலு முளைக்குச்சி, நைலான் கயிறு,
தட்டினால் மட்டும் எரிகிற தராசு,
பிறகு, எண்கள் அச்சடித்த ஒரு தாள்.
எந்த வயல் என்று தாள் சொல்லும்.
வயலுக்குள் எங்கே என்றும் தாள்தான் சொல்லும்.
நான் கண் வைத்துத் தேர்ந்தெடுத்தால் அது அளவை ஆகாது.

செல்லம்பட்டிக்கு மேற்கே, கடைமடை.
ஐப்பசியில் வராத மழை
தையில், அறுப்புக்கு ஆள் சொல்லிவிட்ட மறுநாள் வந்து
நாலு நாள் நின்று பெய்துவிட்டுப் போயிருந்தது.
சாய்ந்த நெல்லின் மேல் கொக்கு நடந்தது.

தென்மேற்கு மூலையிலிருந்து
நீளவாக்கில் பதினேழு தப்படி, அகலத்தில் ஒன்பது.
ஒச்சம்மாள் என் கூடவே எண்ணிக்கொண்டு வந்தார்.
பதினேழில் நான் நின்றதும்
"இன்னும் நாலு எட்டு வைங்கம்மா, பள்ளத்தப் பாருங்க,
அங்க பூராம் அழுகிக் கெடக்கு" என்றார்.
நான் தாளைக் காட்டினேன்.
அவர் தாளைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்தார்.
ஒன்றைச் சேறு ஏற்கனவே வாங்கிக்கொண்டிருந்தது.

முளை அடித்தோம். கயிறு கட்டினோம்.
அஞ்சுக்கு அஞ்சு.
இரண்டு பேர் அறுத்துத் தார்ப்பாயில் அடித்தார்கள்.
மூன்றாவது அடியிலேயே தெரிந்தது:
நெல் உதிரவில்லை. கதிரிலேயே முளைத்து
ஒன்றையொன்று வேரால் பிடித்துக்கொண்டிருந்தது.
கையால் பிய்த்துத்தான் போட்டார்கள்.

பன்னிரண்டு கிலோ நானூறு.
நல்ல வருஷத்து எடை. நனைந்த எடை.
"கனக்குதுல்ல?" என்று சிரித்தார் ஒச்சம்மாள்.
"இத எந்த மில்லுக்காரன் வாங்குவான்னு
அதுல எழுத எடம் இருக்கா?"

இல்லை. படிவத்தில் முளை என்றால்
மூலைக்கு ஒன்றாக நான் அடித்தது.
நாலு. எழுதினேன்.
வானிலை என்ற இடத்தில் 'தெளிவு';
அன்று வெயில் அடித்தது.
செல்பேசி படமெடுத்து, அட்சரேகை சேர்த்து, அனுப்பியும்விட்டது.

ஊருக்கு நாலு இடம். நாலின் சராசரி.
அதற்கு எதிரில் ஏழு வருஷச் சராசரி.
முந்நூறு வீட்டுக் காப்பீடு அந்தக் கழித்தலில்.

மாதிரிக்கு ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டி
மதுரைக்குக் கொண்டுவந்தேன், உலர்த்தி மறுபடி எடை போட.
சனி, ஞாயிறு, அப்புறம் ஒரு அரசு விடுமுறை.
பையின் தையல் இடுக்கு வழியே
விரல் நீளத்துக்குப் பச்சை வந்திருந்தது,
பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்.

"அதக் கிள்ளிப்போட்டு நிறுங்க" என்றார் கண்காணிப்பாளர்.
கெட்டவர் இல்லை. அவருக்கும் கெடு நாள் இருக்கிறது.

கிள்ளினேன்.
எண்ணூற்றுப் பத்து கிராம் என்று எழுதுவதற்கு முன்
கிள்ளியதை ஒரு முறை
தனியாகத் தட்டில் வைத்துப் பார்த்தேன்.
தராசு பூஜ்யத்திலேயே நின்றது.