பிறை மதகு

இருபத்திரண்டு மீட்டர் நீளம்,
அகலம் ஐந்து எண்பது.
மதகு அறை ஆறு இருபது என்று
நேற்றே நாடா பிடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.
பக்கத்துக்கு இருபது சென்டிமீட்டர்.
விரல்களை அகல விரித்தால்
என் கை அவ்வளவுதான்.

காற்றடைத்த ஃபெண்டர் எதுவும் அதற்குள் அடங்காது.
மூடிப்போன ஹோட்டல் ஒன்றின் சிவப்புக் கம்பளத்தை
நீளவாக்கில் கிழித்து
இரண்டு விலாவிலும் தொங்கவிட்டோம்.
வெள்ளைக் கப்பல் கல்யாணத்துக்குப் போகிறது போல,
உண்மையில் போவது
தண்டு வளைந்து, பட்டறைக்கு.

பட்டர்வொர்த் ஃபெர்ரித் துறை பின்னால் நகர,
ரயில் பாலத்துக்கு ஏரியலை மடக்கி,
ஒற்றை எஞ்சினில், நடக்கிற வேகத்தில்.
கோலாலம்பூரிலிருந்து டத்தோ அழைக்கிறார்.
"கீறல் விழக்கூடாது, மங்கை."
மங்கையர்க்கரசி என்று நான்கு வருடமாகச் சொல்கிறேன்.
என் பெயரும் அவர் கைப்பேசிக்குள்
மடங்கித்தான் நுழைகிறது.

மதகின் மேல் சைனுடின்,
ஆரஞ்சுச் சட்டை,
கம்பியில் மாட்டிய டீப் பொட்டலம்,
அதில் குத்திய ஸ்ட்ரா.
"பெலான்-பெலான், காக்!"
மெதுவாக என்கிறான்.
இதைவிட மெதுவாகப் போனால்
நான் நங்கூரம்.

அணியம் நுழைந்தது.
கம்பளம் சுவரில் உரசி
ஈரநாய் போல் முனகிற்று.
பின்னால் கிடைத்த ஒரு முழ இடத்தில்
ஒரு நண்டுச் சம்பானும் சொருகிக்கொண்டது.
கேட்கவே இல்லை.
கதவு மூடிற்று.

இனி நீர் ஏறும்,
நாமும் ஏறுவோம் என்று
இளவேந்தனிடம் சொல்லியிருந்தேன்.
ஆறு என்றால் மேலே,
கடல் என்றால் கீழே.
பள்ளிக்கூடத்துப் படத்தில் அப்படித்தான்.

டீப் பொட்டலம் என் இடுப்புக்கு நேராக இருந்தது.
சற்று நேரத்தில் மார்புக்கு.

நேற்று முன்தினம் அமாவாசை.
கண்ணுக்குத் தெரியாத பிறை ஒன்று
கடலை ஆற்றுக்கும் மேலே
தூக்கிப் பிடித்திருக்கிறது.
ஆற்றின் பேரும் பிறைதான்.
ஓத அட்டவணையை நான் பார்த்தேன்,
ஆற்றின் மட்டத்தைப் பார்க்கவில்லை.
கடலிலிருந்து ஆற்றுக்குள்
இறங்கிக்கொண்டிருந்தோம்.

"வடத்தை விடு! இளகவிடு!"
அவன் கட்டியிருந்தது முடிச்சுமேல் முடிச்சு,
நல்ல பிள்ளை,
ஏறும்போது நழுவக்கூடாது என்று.
அறுபது டன்னின் ஒரு மூலை
சுவரில் தொங்க ஆரம்பித்தது.
வடம் மெலிந்தது.
மெலிந்த வடம் பேசாது,
நீரைச் சொட்டும், அவ்வளவுதான்.
தட்டில் இருந்த திருகுச்சாவி
தானாக உருண்டு போயிற்று.

சம்பான்காரர் கயிறே கட்டவில்லை.
சுவரின் இரும்பு ஏணியில் ஒரு கை.
நீர் ஒரு படி இறங்கினால்
கையும் ஒரு படி இறங்கும்.
மறு கையில் சிகரெட்.
எங்களை அண்ணாந்து பார்த்து,
வாயில் சிகரெட்டை மாற்றி,
நண்டுக் கால் கட்டவிழ்க்கும் கத்தியை
எங்கள் தட்டின் மேல் எறிந்தார்.

மூன்று இழுப்பு.
நாலாவதில் வடம் வெடித்தது.
அணியம் விழுந்து, எழுந்து,
வலப்பக்கச் சுவரில் ஒரு முத்தம்.
முழங்கை நீளம்,
வெள்ளைப் பூச்சுக்குள்ளிருந்து
மஞ்சள் நார் எட்டிப் பார்த்தது.

மேல்கதவு திறக்கக் காத்திருந்தபோது
சம்பான்காரர் கேட்டார்:
மணிக்கு எத்தனை லிட்டர் டீசல்?
பாதியைக் குறைத்துச் சொன்னேன்.
அதற்கே சிரித்தார்.
கத்தியைத் துடைத்துக் கொடுத்தேன்.
பெயர் கேட்க வாயெடுப்பதற்குள்
கதவின் கீற்று போதும் அவருக்கு,
போய்விட்டார்.

டீப் பொட்டலம் இப்போது என் தலைக்கு மேல்,
எட்டாத உயரத்தில்.
எட்டிய சுவரில் ஈரம்,
சற்றுமுன் நாங்கள் நின்றிருந்த கடல்.

கைப்பேசி.
"என்ன, ஆற்றில் ஏறியாச்சா?"
"இறங்கியாச்சு."
"என்னது?"
சுவருக்குள் சிக்னல் விட்டு விட்டு வந்தது.
கீறலை நாளைக்குச் சொல்லலாம்.
இளவேந்தன் வடத்தின் துண்டை
இன்னும் கையில் வைத்துக்கொண்டு
முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.