ஏழாம் தறிக்கும் எட்டாம் தறிக்கும் நடுவில்

ஏகாம்பரகுப்பத்தில் இந்தக் கூடத்துக்குள்
எந்தப் பாட்டும் பிழைத்ததில்லை.
காதல் பாட்டு வாசலிலேயே செத்துவிடும்.
பக்திப் பாட்டு மோட்டார் வரை வரும்,
அப்புறம் பஞ்சுத் தூசியில் இருமும்.
இருபத்துநாலு விசைத்தறி, இரவு ஷிப்ட்.

பிழைத்தது ஒன்றுதான்.
ஸ்வீடன்காரர்கள் நாலு பேர்,
முகத்தில் சுண்ணாம்பும் கரியும்,
கங்கம்மா ஜாத்திரைக்கு வேஷம் கட்டிய ஆம்பிளைகள் போல.
பாவு ஏற்றும் யதிராஜ் போனில் போட்டுக் கொடுத்தான்.
"வெறும் சத்தம் அக்கா, ராகம் கிடையாது."

யார் சொன்னது?
அந்த டிரம்காரன் காலை எனக்குத் தெரியும்.
ஐந்தாம் தறி நாடாவை அப்படித்தான் அடிக்கும்,
பெல்ட் புதுசாக இருந்தால்.
கிட்டார் தேன்கூட்டைக் கலைத்துவிடுகிறது.
அதற்கு அடியில், ரொம்ப அடியில்,
ஒரு ராகம் மெதுவாக நடந்து போகிறது
வெள்ளைப் பாவில் தவறி ஓடிய கறுப்பு இழையாக.
கண்டுபிடிக்க எட்டு ராத்திரி ஆனது எனக்கு.

வார்த்தை புரியவில்லைதான்.
மேஸ்திரி தெலுங்கில் திட்டுவார்,
நான் தமிழில் முணுமுணுப்பேன்,
பள்ளிப்பட்டு பஸ்ஸில் இரண்டையும் கலந்து டிக்கெட் கேட்பேன்.
பாதி புரிந்தால் இங்கே அது பாஷை.
அவன் கத்துவது முக்கால் புரிகிறது.

பனியைப் பாடுகிறானாம். காட்டை. சாத்தானை.
நான் பார்த்த பனி
ஐஸ் பாக்டரி வாசலில் உமி ஒட்டிக் கிடப்பது.
காடு, மூக்குமலையில் வெயில் தின்றது போக மிச்சம்.
சாத்தான் வரட்டும்,
அவனுக்கும் மீட்டர் கணக்கில்தான் கூலி.

நேற்று கரண்ட் போனது.
தறிகள் ஒரேயடியாக நின்றன.
அந்த அமைதி அறைந்த மாதிரி இருந்தது.
காதிலிருந்து நழுவிய வயரில்
அந்தக் கதறல் மட்டும்,
கொசு அளவுக்குத்தான்,
கூடம் முழுக்கக் கேட்டது.

"எவரு செத்தது?" என்றாள் தேசம்மா.
"யாருமில்லை. பாடுகிறான்."
இருட்டில் தடவி வந்து
ஒரு காதுக்கு வாங்கிக்கொண்டாள்.
என் தோளில் அவள் தோள், கஞ்சிப்பசை வாடை.
பூனையைக் கொஞ்சுவதற்கும் கத்துகிறவள்,
தறிக்காது அப்படி,
நாலு நிமிஷம் வாயே திறக்கவில்லை.

முடிந்ததும் கேட்டாள்,
"பாவம், இவனுக்கு எத்தனை மாசக் கூலி பாக்கி?"

சிரித்தேனா, ஞாபகமில்லை.
கரண்ட் வந்துவிட்டது.
அவள் தன் தறிக்குப் போனாள், வயரைக் கழற்றாமல்.
இழுத்துப் பிடித்தால்
அங்கே வரைக்கும் எட்டுகிறது.