ஏழாம் எண் நடை

கோத்தகிரி, கோடநாடு தடத்தில்
பதினோரு வருஷமாக விசில் ஊதுகிறேன்.
எந்த வளைவில் யார் கை நீட்டுவார்,
எந்தக் கிழமையில் கோழிக்கூடை ஏறும்,
மூடுபனி என்றால் எத்தனை நிமிஷம் பிந்தும்,
கேளுங்கள், சொல்கிறேன்.

எப்சிபா இருக்கும் ஊருக்கு மட்டும்
எப்படிப் போவதென்று தெரியவில்லை.

கோவையில் ஏறி லண்டனில் இறங்க வழி இருக்கிறது.
அங்கிருந்து ரயில், இரண்டு மாற்றம்,
ஷ்ராப்ஷயரில் ஒரு சின்ன ஸ்டேஷன் வரை
நிமிஷக் கணக்கே கிடைத்துவிட்டது.
அந்த ரயிலடி ஊரில்தான் அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லம்.
வாடகை குறைவென்று குடியிருப்பது விக்கன்ஃபோர்டில்.
நடுவே நாலு மைல்.
அந்த நாலு மைலுக்குத்தான்
இரண்டு மாதமாக அலைகிறேன்.

"பஸ்ஸில்தான் போய் வர்றேன், பக்கம்தான்" என்பாள்.
அவளிடமே கேட்டிருக்கலாம்.
ஒரு கண்டக்டர் பெண்டாட்டியிடம் பஸ் டைம் கேட்பதா?

குன்னூர் டிராவல்ஸ்காரர்
பெரிய கடிகாரம், மெழுகுப் பொம்மை, அரண்மனை வாசல்,
ஐந்து இரவு ஆறு பகல் என்றார்.
விக்கன்ஃபோர்டு என்றேன்.
அது எந்த நாட்டில் என்றார்.

ஊட்டி நூலகத்தில் பழைய வழிகாட்டி ஒன்று
'நல்ல காரும் ஒரு வார ஓய்வும் போதும்'
என்று தொடங்கியது. மூடி வைத்தேன்.

கடைசியில் அந்தப் பக்கத்துத் தகவல் மையத்துக்கே
போன் போட்டேன்.
இங்கே பிற்பகல் நாலு. அங்கே அப்போதுதான் கதவு திறக்கிறார்கள்.
ஒரு அம்மாள், எனக்காக மெதுவாகப் பேசினாள்.
காரில் வருகிறீர்களா?
இல்லை.
வாடகைக் கார்?
இல்லைங்க, பஸ்.
கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம்.
பஸ் உண்டு. செவ்வாய், வெள்ளி.
காலையில் ஒன்று போகும், நாலு பத்துக்குத் திரும்பும்.
அவ்வளவுதான்.

வாரத்துக்கு நாலே சிங்கிள்!
எங்கள் டெப்போவில் இப்படி ஷெட்யூல் போட்டால்
அரவேணுவிலேயே மறியல் ஆகிவிடும்.
சிரித்தேன். அவளும் சிரித்தாள்.
விலாசம் வாங்கிக்கொண்டாள். நீலகிரி என்றதும்
"ஓ, தேயிலை" என்றாள்,
வியூ பாயின்ட் எங்கே என்று என்னிடம் கேட்கிறவர்கள்
சொல்கிற அதே குரலில்.

பதினெட்டாம் நாள் உறை வந்தது.
வழுவழுப்பான தாள். ஆட்டு மந்தை, கல் கோயில்,
ஆப்பிள் மரத்தடியில் ஒரு பெஞ்சு.
நடக்க விரும்புவோருக்குப் பன்னிரண்டு பாதைகள்.
ஏழாவது:
ரயில் நிலையம் முதல் விக்கன்ஃபோர்டு வரை.
இதமான மாலை நடை. சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம்.
ஏறித் தாண்ட மூன்று வேலிகள்.
ஓடையருகே சேறு இருக்கலாம்.
பாதையில் விளக்குகள் இல்லை,
பொழுதோடு திரும்பவும்.

அன்று ராத்திரி அவளிடமிருந்து செய்தி:
"உருட்டுற பெட்டி வேண்டாம்.
முதுகுல மாட்டுற மாதிரி பையா வாங்கு."

அவளுக்கு டியூட்டி முடிவது ஒன்பது மணிக்கு.

ஏன் என்று கேட்கவில்லை.
சரி என்று கட்டைவிரல் அனுப்பினேன்.

நேற்று எனக்கு வார ஓய்வு.
ஒன்பதுக்கு, கடைகள் ஷட்டர் இறக்கும்போது
கோத்தகிரியில் கிளம்பி ஈளாடா ரோட்டில்
ஆறரை கிலோமீட்டர் நடந்தேன்.
டிக்கெட் கொடுத்தால் சில்லறை எண்ணி முடிப்பதற்குள்
வந்துவிடும் தூரம்.
ஒன்றரை மணி ஆயிற்று.
கரடி வரவில்லை. வந்த மாதிரி
ஒரு புதர் மட்டும் அசைந்தது.
கடைசி பஸ் என்னைத் தாண்டிப் போனபோது
டிரைவர் பெள்ளி வேகம் குறைத்து
ஹாரன் அடித்தான். கை நீட்டவில்லை.

விசா தாளில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில்
சுற்றுலா என்று எழுதியிருக்கிறேன்.
இருக்கட்டும்.

மூன்று வேலிகளில் எது உயரம்,
சேலையை விட்டவள் இப்போது எதை மடித்துக்கொண்டு ஏறுகிறாள்,
எந்தக் காலை முதலில் வைப்பாள்,
அந்தத் தாளில் இல்லை.